பழப்புளி போட்டுத் துலக்கிய ரவைக்கோதுகள்

1 ஒக்ரோபர் 96, செவ்வாய்

மழை. விடியத் தொடங்கியது இன்னும் விடவில்லை.

டோனற் கடையால் இரண்டு மணிக்கு வந்தேன். மாக் குழைத்த கை உளைவு. வந்ததும் உடுப்புத் தோய்க்கிற வேலை. இந்த வீட்டில் தோய்ப்பது, துடைப்பது, துலக்குவது எல்லாம் என் பொறுப்பு. மனிசி ரஞ்சி பக்டரியால் வர ஐந்து ஆகும்.

வோஷிங் மெஷினுக்குள் கடகடவென்று சத்தம். துளசியின் காற்சட்டைப் பையில் சில்லறை மறந்திருப்பாள், வழக்கம்தான். நிற்பாட்டிவிட்டுக் கையை விட்டுத் துழாவினால், ஐயோ கடவுளே!

ரவைக்கோது. சுட்ட துப்பாக்கி ரவையின் வெறும் கோது. பித்தளை. சின்னவிரல் நீளம். நன்றாகத் தோய்ந்து லவெண்டர் வாசம் வேறு.

யாழ்ப்பாணத்தான் எனக்கு இது என்னவென்று ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அங்கே ரோட்டில் கிடந்தால் விலத்தி நடப்போம். இங்கே, கனடாவில், வெக்ஸ்போர்ட்டில், என் மகளின் காலுறையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது!

அந்த நேரம் பார்த்து நடா அண்ணை வந்தார். கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர். ஒன்றைப் பார்த்தால் ஒன்பது வீட்டுக்குச் சொல்லுகிற ஆள்.

"என்ன தம்பி, மெஷினுக்குள்ள கல்லோ?"

"காசண்ணை, காசு."

"எவ்வளவு?"

காசென்றால் மனிசனுக்குக் காது நிமிரும். பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு மேலே ஓடிவந்தேன்.

துளசிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஏதும் கூடாத கூட்டமோ? சமைக்க மனம் ஓடவில்லை. பருப்பு அடிப்பிடித்துப்போச்சு.

2 ஒக்ரோபர், புதன்

மழை விட்டது. என் தலைக்குள் விடவில்லை.

துளசி பள்ளியால் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கோதைக் காட்டினேன். "உண்மையைச் சொல்லு பிள்ளை. அப்பா அடிக்க மாட்டன். உதை ஆர் தந்தது?"

பிள்ளை என்னைப் பார்த்த பார்வை! "அப்பா, றிலாக்ஸ். அது அம்மான்ர."

"ஆரின்ர?"

"அம்மான்ர. ஷி ஹாஸ் லைக் ஹண்ட்றட்ஸ். கராஜுக்குள்ள. யூ டிட்ன்ற் நோ?"

கதிரையில் இருந்துவிட்டேன். ரஞ்சி! துவக்குச் சத்தம் என்றால் காது பொத்துகிற ரஞ்சி. கனடா நாளுக்கு வாணம் விட்டாலே யன்னலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பவள். அவளுடைய தம்பி ரூபன் ஊரில் வீட்டுப் படலையடியில் சூடு பட்டுச் செத்தவன். ஆர் சுட்டது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நான் அப்போது இங்கே, அகதிக் கேஸ் முடியாமல் இருந்தேன். ரெலிபோனில் கேட்டதுதான். அவளும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை, நானும் கிண்டியதில்லை.

ஐந்து மணிக்கு வந்தாள். சப்பாத்துக் கழற்றுமுன்னமே கேட்டேன். மறுப்பாள், தடுமாறுவாள் என்று பார்த்தால்:

"ஓம், என்ரதுதான். எங்க கிடந்தது? ஒண்டு குறையுது எண்டு தேடினனான்."

"மெஷினுக்குள்ள!"

"தலையணை உறைக்குள்ள போட்டுக் கட்டித்தான் தோய்க்கிறனான். முடிச்சு அவிண்டிட்டுது போல."

"என்ர தலையணை உறையோ?"

"பழசு."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பக்டரியில் பக்கத்து மெஷினில் நிற்கும் ஐலீன், ஒஷாவாக்காரி, அறுபது வயது, புருசன் செத்துப்போனவள். புருசன் விட்டுப்போன றைபிள். ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு சூட்டுப் பயிற்சிக் கழகம். இலக்குப் பலகைக்கு மட்டும் சுடுவார்களாம், மிருகத்துக்கு இல்லை. ரஞ்சி சோதனை எழுதி லைசென்ஸும் எடுத்தாயிற்று.

"அப்ப சனிக்கிழமை ஓவர்டைம் எண்டது?"

"அதுதான்."

"கராஜுக்குள்ள பக்டரி வேலை, பித்தளைச் சாமான் எண்டது?"

"பித்தளைச் சாமான்தானே."

அட கோதாரி! கராஜுக்குள் போனால் எனக்குத் தும்மல், அதனால் எட்டிப் பார்த்ததேயில்லை. துவக்கும் வெடிமருந்தும் இங்கே இல்லையாம். எல்லாம் ஐலீன் வீட்டு இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறதாம். எங்கள் வீட்டில் வெறும் கோதுகள் மட்டும்.

ஏன் என்று கேட்டேன். கேத்திலில் தண்ணி பிடிக்கப் போய்விட்டாள்.

என் பயங்கள்:
1. பொலிஸ்.
2. நடா அண்ணை (பொலிஸை விட வேகம்).
3. றிச்மண்ட் ஹில் கோயிலில் எங்கள் சனம் என்ன சொல்லும்.
4. ரஞ்சி. இவ்வளவு காலமும் ஒரே பாயில் படுத்த மனிசியை எனக்குத் தெரியாது.

5 ஒக்ரோபர், சனி

வெயில். மேப்பிள் இலை கொட்டி முற்றம் சிவந்து கிடக்கிறது. கூட்ட வேண்டும்.

இன்றைக்கு 'ஓவர்டைம்' இல்லை. ரஞ்சி தானாகவே கராஜுக்குக் கூட்டிப்போனாள். மூக்கில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு போனேன்.

மேசையில் ஒரு கை பிறஸ், போல்ற் போட்டு இறுக்கியிருக்கிறது. அதன் மேலே ஒரு இரும்புக் குழல். அதற்கு டை என்று பெயர். குழலின் உட்பக்கம் புதுக்கோதின் வடிவம். சுவரோடு வரிசையாகக் கோப்பித் தகரங்கள், எல்லாவற்றுக்குள்ளும் கோது.

"ஒருக்காச் சுட்டால் கோது வீங்கிப்போகும். துவக்குக்குள்ள இருக்கிற அறை என்ன அளவோ அந்த அளவுக்கு. பிறகு இந்த டைக்குள்ள விட்டு நசிச்சு, பழைய அளவுக்குக் கொண்டரவேணும்."

செய்து காட்டினாள். லீவரை இறக்கினாள், கோது டைக்குள் ஏறியது. கொஞ்சம் பொறுத்தாள். தூக்கினாள். கழுத்துக்குக் கீழே சரிந்து வருகிற இடத்துக்குத் தோள் என்று பெயர். அந்தத் தோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு கருவியால் அளந்தாள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுக்கு இவர்கள் பக்டரியில் 'தவ்' என்பார்களாம். ஒரு தவ் கூடினாலும் ரஞ்சிக்கு முகம் சுருங்குகிறது. எனக்கு இடியப்பத்துக்கு உப்புக் கூடினால்கூட முகம் இப்படிச் சுருங்காது.

அவள் சொன்ன சட்டங்கள் (மறக்காமல் இருக்க):
- ஒரே கொம்பனிக் கோது ஒரே தகரம். கலக்கக்கூடாது.
- கனதரம் சுட்டதையும் ஒருதரம் சுட்டதையும் கலக்கவே கூடாது.
- வழுக்குகிற களிம்பு பூசியும் பூசாததுமாக, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. கூடினால் தோளில் பள்ளம் விழும், குறைந்தால் டைக்குள் இறுகிப்போகும்.
- லீவரை ஒரே சீராக இறக்கு. அவசரம் கூடாது.

"ஏனப்பா இவ்வளவு வில்லங்கம்?"

"எல்லாம் ஒரே அளவா இருந்தால்தான் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும்."

"கலந்தால் என்ன?"

"பித்தளை சுடச்சுட இறுகும். இறுகினதை என்னதான் நசிச்சாலும் கொஞ்சம் திருப்பி எழும்பும். உங்கட அம்மா மாதிரி."

சிரிக்கக்கூடாது என்று இருந்தேன். சிரித்துப்போட்டேன்.

மேல்தட்டில் கறுப்பு பிலிம் டப்பி ஒன்று. எடுத்து ஆட்டினேன், உள்ளே ஒன்று உருண்டது. "அது வேற," என்று வாங்கித் திரும்ப மேலே வைத்தாள். வேறு கொம்பனியாக்கும்.

இன்றைக்குத் தும்மல் கணக்கில்லை.

14 ஒக்ரோபர், திங்கள்

லீவு. நன்றி சொல்லும் நாள். குளிர், ஆனால் வானம் துலக்கிவிட்ட மாதிரி.

ஐலீன் வான்கோழிக்குக் கூப்பிட்டாள். போகிற வழியில் கழகம். நான் காருக்குள் இருக்கிறேன் என்றேன். துளசி விடவில்லை. "அப்பா, கமோன், டோன்ற் பி ஏ பேபி." பெத்த பிள்ளை சொல்லுகிற கதை!

இறங்கி நாலடி வைத்திருப்பேன். காதுக்கு மூடி தந்தார்கள், கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. படார்!

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது குப்புறக் கிடக்கிறேன். வாய்க்குள் கல்லு மண். கை இரண்டும் தலைக்கு மேலே. இத்தனை வருசம் கனடாவில் இருந்து பனி வழிச்சு, வரி கட்டி, என்ன பிரயோசனம்? உடம்பு இன்னும் ஊரில்தான் இருக்கிறது.

ஐலீன் ஓடிவந்தாள். சிவப்புத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், நான் சுட வந்தவன் என்று நினைத்து, "படுத்திருக்கிற விதம் நல்லம், ஆனால் பாய் அங்கே இருக்கிறது," என்றார். அப்போதுதான் பார்த்தேன். அங்கே எல்லாரும் பாய் விரித்துக் குப்புறப் படுத்துத்தான் சுடுகிறார்கள்! சூடு கேட்டால் நாங்கள் படுப்போம். இவர்கள் சுடுவதற்குப் படுக்கிறார்கள்.

ரஞ்சி சிரிக்கவில்லை. என் காது மூடியைச் சரியாக மாட்டிவிட்டாள். "எழும்ப ஏலாட்டில் எழும்பாதேங்கோ. எனக்குப் பக்கத்தில வந்து படுங்கோ."

படுத்தேன். அவள் கண் இமைக்கவில்லை. சுட்டாள், துவக்கின் பூட்டை இழுத்தாள், கோது துள்ளி என் முழங்கையடியில் விழுந்தது. பொறுக்கினேன். கையைச் சுட்டது. ஊரில் விடிய எழும்பி நாங்கள் கண்டதெல்லாம் ஆறிப்போன கோது. சூடாக ஒன்றை இன்றைக்குத்தான் தொட்டேன்.

அவளுடைய பலகையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரு தகரப் பேணி மூடிக்குள் அடக்கம். கிழவர் விசில் அடித்தார். வாற ஞாயிறு கழகப் போட்டி. ரஞ்சி முதல்முதலாகச் சேருகிறாள். அன்றைக்குத்தான் சரஸ்வதி பூசையும். காலமை பூசை, பின்னேரம் போட்டி என்று திட்டம்.

வான்கோழி சப்பென்று இருந்தது. மிளகாய்த்தூள் கொண்டுபோகாதது என் பிழை.

18 ஒக்ரோபர், வெள்ளி

மூன்று மணி. தூறல்.

நல்ல உற்சாகத்தில் எழுதுகிறேன். பூசைக்குக் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் பழப்புளி போட்டுத் துலக்கினேன். மின்னுது! வாளியில் புளிக்கரைசல் மிச்சம். கொட்ட மனம் வரவில்லை. அப்போதுதான் யோசனை வந்தது. பித்தளை என்றால் பித்தளைதானே? ரஞ்சி இரண்டு கிழமையாகப் போட்டிக்கு என்று கோது சேர்த்து வைத்திருக்கிறாள், நசிக்க நேரமில்லை. நாளைக்குப் பூசைச் சாமான் வேறு வாங்க வேண்டும். நான் துலக்கி, நசித்தும் வைத்துவிட்டால்? பின்னேரம் வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

தகரங்களில் இருந்ததெல்லாம் வாளிக்குள். பிலிம் டப்பியில் இருந்ததையும் போட்டேன். அதுதான் மோசமான ஊத்தை. கறுத்துப்போய், உள்ளே ஏதோ இறுகிக் கிடந்தது. ஈர்க்குக்குச்சி விட்டுக் கிண்டி வாசலில் தட்டினேன். சிவப்பாகத் துரு.

இப்போது எல்லாம் கேக் சுடுகிற அடுப்புக்குள், இளஞ்சூட்டில் காய்கிறது. தங்கம் மாதிரி. எது எந்தத் தகரத்தில் இருந்தது என்று தெரியவில்லை. பரவாயில்லை, எல்லாம் ஒரே வடிவம்தானே. களிம்பு டப்பியைத்தான் காணவில்லை. நல்லெண்ணெய் இருக்கிறது.

அதே நாள், பிறகு.

பித்தளைக்கு ஏதடா துரு, மடையா!

எழுத மனமில்லை. என்றாலும் எழுத வேண்டும்.

நல்லெண்ணெய் தடவித் தொடங்கினேன். முதல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போய்வந்தது. சந்தோசத்தில் பாட்டும் வந்தது. பிறகு ஒன்று பாதியில் நின்றது. இரண்டு கையாலும் தொங்கினேன். முழுக்க ஏறியது, ஆனால் திரும்பி வரவில்லை. லீவரைத் தூக்கப் பார்த்தேன், மேசையே எழும்பியது. மேசையில் காலைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது ரஞ்சி வந்தாள்.

முதலில் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவள் முதலில் சிரித்தாள். "நல்லெண்ணெயோ? என்ன, தோசையோ சுடுறியள்?" நசித்ததில் நாலைந்தை எடுத்து அளந்தாள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் பொருத்தமில்லை. "எல்லாத்தையும் கலந்து போட்டியள். போட்டிக்கு இதுகள் சரிவராது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு பிடிச்சிருக்கிறியள். சரி விடுங்கோ, அடுத்த வருசமும் போட்டி வரும்." கோபமேயில்லை.

பிறகு மேல்தட்டைப் பார்த்தாள். மூடி திறந்த பிலிம் டப்பி.

"உதுக்குள்ள இருந்தது எங்க?"

"அதையும் துலக்கினன். அதுதான் சரியான ஊத்தை."

தட்டில் இருந்த கோதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். கொம்பனிப் பேர் அடியில்தான் இருக்கும். எல்லாம் பார்த்து முடித்தாள். பிறகு டையைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தாள். இறுகின கோதின் அடி தெரிந்தது. பேர் இல்லை, வெறும் இலக்கங்கள்.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ரூபன்ர."

எனக்கு விளங்கவில்லை. என்ன ரூபன்ர?

"அண்டைக்கு விடிய படலையடியில எடுத்தனான். அதாலதான் அவனைச் சுட்டது." பிறகு, "மண்? உள்ள செம்மண் இருந்ததே?"

"கொட்டிப்போட்டன்."

"எங்க?"

வாசலைக் காட்டினேன். தூறல் மழையாகிவிட்டிருந்தது. ரஞ்சி வெளியே போய் நின்று தார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. குடை கொண்டுபோனேன். வாங்கவில்லை.

ஐயோ, நான் என்ன செய்துபோட்டேன்.

19 ஒக்ரோபர், சனி

மழை. வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்யுமில்லை.

காலமை ஐலீன் ரெலிபோன் எடுத்தாள். டைக்குள் இறுகின கோதை எடுக்க வழி இருக்காம். அடியில் துளை போட்டு, ஸ்குரூ முறுக்கி இழுத்தால் வந்துவிடுமாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ரஞ்சி, "துளை போட மாட்டேன்," என்று இங்கிலிசில் சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டு தானாகவே கதைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்த்துக் கதைத்தாள்.

"ஐலீன் ஒருநாள் தன்ர செத்த மனிசன்ர கோது ஒண்டைக் கொண்டந்து என்ர மேசையில வைச்சவள். பேப்பர் பறக்காமல் இருக்க. பார்த்த உடன எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பின்னேரம் அதை வாங்கிக்கொண்டந்து ரூபன்ரக்குப் பக்கத்தில வைச்சுப் பார்த்தன். ஒரே சாதி. அதுக்குப் பிறகு சும்மா இருக்க ஏலேல்லை. எப்பிடி வேலை செய்யுது, என்ன அளவு, எல்லாம் தெரிய வேணும் போல இருந்தது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் பயப்பிடுவியள்."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

"ரூபன்ர கோதை அளந்தனான். ஐலீன்ர துவக்கால சுட்டதுகளை விடத் தோள் முன்னுக்கு நிக்குது. அந்தத் துவக்கின்ர அறை கொஞ்சம் பெரிசு. ஒவ்வொரு துவக்கும் தன்ர அளவைக் கோதில விட்டிட்டுத்தான் போகும். எந்தத் துவக்கு எண்டு ஆரும் என்னைக் கேட்டால், காட்டுறதுக்கு என்னட்ட அது ஒண்டுதான் இருந்தது."

"ஆரப்பா கேக்கப்போகினம்?"

"ஒருத்தரும் கேக்க மாட்டினம். அதுக்காக?"

கீரையைக் கழுவினாள்.

"நீங்கள் அதைப் புதுசாக்கிப் போட்டியள்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நல்லாயிருக்கும்.

அந்த டையின் வேலையே அதுதான். சுட்ட அடையாளத்தை நசித்து இல்லாமல் செய்வது. அதற்குள் நானே தள்ளினேன், தொங்கித் தள்ளினேன். பாட்டு வேறு படித்துக்கொண்டு.

கீரை நல்ல ருசி. ஒருவரும் சாப்பிடவில்லை.

20 ஒக்ரோபர், ஞாயிறு

மழை இல்லை. போட்டிக்கு ஏற்ற நாள் என்று ஐலீன் சொல்லுகிறாள். போகவில்லை.

பூசை வைத்தோம். துளசி புத்தகம் வைத்தாள். நான் டோனற் கடை ஏப்ரன். ரஞ்சி தன் அளவுக் கருவியை வைத்தாள். டையை வைக்கவில்லை. டை ஃபிறீசருக்குள், தேங்காய்ப்பூப் பைக்கும் சூடை மீனுக்கும் நடுவில். குளிர்ந்தால் இரும்பைவிடப் பித்தளை கூடச் சுருங்குமாம். துளை போடாமல் எடுக்க அது ஒன்றுதான் வழி என்கிறாள். வருமோ தெரியாது. வந்தாலும் என்ன, அளவு போய்விட்டதே என்று நான் நினைத்தேன்.

நடா அண்ணை அவல் சாப்பிட வந்து, ஐஸ் எடுக்கிறேன் என்று தானே ஃபிறீசரைத் திறந்துவிட்டார்.

"உதென்ன இரும்புக் குழல் தங்கச்சி, மீனுக்குப் பக்கத்தில?"

துளசி அவலை மென்றுகொண்டே, "மை சயன்ஸ் புறொஜெக்ற், அங்கிள்," என்றாள்.

"கெட்டிக்காரி," என்று விட்டு ஐஸோடு போனார்.

ரஞ்சி துளசியின் தலையைத் தடவினாள். என்னோடு நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. தேத்தண்ணி போட்டு வைத்தேன். குடித்தாள். கோப்பையைக் கழுவியும் வைத்தாள். ஏச்சுத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது?

பின்னேரம் வாசலில் தும்புத்தடியோடு நின்று தார் வெடிப்புகளைப் பார்த்தேன். சிவப்பாக ஒன்றும் இல்லை. இலைதான்.

21 ஒக்ரோபர், திங்கள்

குளிர். முதல் பனித்தூள், நிலத்தில் நிற்கவில்லை.

ரஞ்சி காலமை டையைத் துவாயில் சுற்றி, ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பையில் கொண்டுபோனாள். பக்டரியில் பெரிய பிறஸ் இருக்கிறது. மேல் வாயால் ஒரு கம்பி விட்டுத் தள்ளிப் பார்க்கப்போகிறாளாம். துளசியிடம்தான் சொன்னாள்.

எனக்கு இன்றைக்கு மாவில் சீனி போட மறந்துபோச்சு. முதலாளி ஏசினான். நல்லாய் ஏசட்டும்.

ஐந்தரைக்கு வந்தாள். கோட் கழற்றவில்லை. குசினி மேசையில் துவாயை விரித்தாள். கோது! முழுசாக, துளை இல்லாமல், அடியில் இலக்கங்களோடு. நான் துலக்கின துலக்கலில் பளபளவென்று, நேற்றுக் கடையில் வாங்கின மாதிரி. பார்க்க முடியவில்லை.

அளவுக் கருவியை எடுத்தாள். அவளுக்குக் கை பழக்கம், அதனால் எடுத்தாள் என்று நினைத்தேன். முதலில் ஐலீனுடைய கோது ஒன்றை, டைக்குள் சரியாகப் போய்வந்ததை அளந்தாள். பிறகு ரூபன்ர.

நிமிர்ந்தாள். திரும்ப அளந்தாள். மூன்றாம் தரம் அளக்கும்போது நானும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"ரெண்டு தவ்," என்றாள்.

"என்ன ரெண்டு தவ்?"

"கூடக் கிடக்கு. மற்றக் கோதை விட." கோதை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். "பழசு, நல்லா இறுகின பித்தளை. நசிபட்டிட்டுத் திருப்பி எழும்பியிருக்கு. முழுக்கப் போகேல்லை. இன்னும் கொஞ்சம் அதுக்குள்ள நிக்குது."

"அந்தத் துவக்கோ?"

"ஓம். அதுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல், மூக்கால் ஓட ஓட. துளசி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ரஞ்சி பிலிம் டப்பியைத் திறந்தாள். போடப்போனவள் நின்று, கோதையும் கருவியையும் என் பக்கம் தள்ளினாள்.

"இஞ்சேருங்கோ. நீங்களும் ஒருக்கா அளந்து பாருங்கோ."

முதல் தரம் சரிவரவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரும்ப அளந்தேன்.

இரண்டு தவ்.